நீஸ் பயணத்தை நிறுத்த ஒரு தந்தி

மேற்கு மாம்பலம், சென்னை
14-6-1973

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் சண்முகவேலுக்கு மச்சான் கருணாகரன் எழுதுவது. உன் அக்கா பேச்சியம்மாள் நலம். நானும் நலமே. ஆனால் அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உன் வீட்டார் சுகத்துக்கு விவரமாக எழுதவும்.

என் மகன் வைரவன் பிரான்சில், மத்தியதரைக் கடலோரம் நீஸ் என்ற ஊரில் ஓட்டல் சமையல்காரனாக இருப்பதும், ஒன்பது வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாததும், அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டி மூன்று வயதில் ஒரு பிள்ளை இருப்பதும் உனக்குத் தெரிந்ததே. தை மாதம், "பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள், டிக்கெட் அனுப்புகிறேன், ஒரு மாசம் கடற்கரையில் ஓய்வாக இருக்கலாம்" என்று எழுதினான். கூடவே ஒரு படம். நீலக் கடல், வரிசையாகக் குடைகள், குடைக்குக் கீழே உட்காராமல் வெயிலில் கிடக்கும் பெண்கள். உன் அக்கா பார்த்துவிட்டு, "முப்பது வருசம் ஜவுளிக்கடையில துணி கிழிச்ச மனுசன்லா நீங்க, போகும்போது ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுபோங்க, பாவம்" என்றாள்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்னைக் கேட்காமல் கீழ்வீட்டுத் தையல்காரர் ஷரஃபுதீனிடம் போய், "மாடியில கீற பெரியவரு மேல கேஸு எதுனா கீதா?" என்று விசாரிக்க, அன்று மாலைக்குள் தெரு முழுக்க நான் திருடிவிட்டேன் என்று பேச்சு. அதைச் சரிசெய்ய, நான் பிரான்சுக்குப் போகிறேன் என்று நானே வீடு வீடாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். பயணத்துக்காகக் காலரா ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன், அப்பவும் ஒருத்தர் வந்து மாலை போட்டார். உன் அக்காவோ ஊரூர் குப்பம் வரை போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். மகனுக்குப் பிடிக்குமாம். எட்டு வீட்டுப் பூனையும் எங்கள் மாடியில்தான்.

போன வாரம் அவனிடமிருந்து கடிதம். உள்ளே பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ. பின்னால் சுவரில் நானும் உன் அக்காவும். ஆளுக்கு ஒரு மாலை, நெற்றியில் சந்தனம், நடுவே சிவப்பு பல்பு. போன வருஷம் தனித்தனியாகப் பெரிய படம் எடுத்து அனுப்பச் சொன்னானே, பாசம் என்று நினைத்துப் புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு சிரித்தேனே, அட பாவி, அது இதுக்குத்தானா! கல்யாணத்தின்போது பெண் வீட்டார் பெற்றவர்களைக் கூப்பிடச் சொன்னார்களாம். நாங்கள் சம்மதிக்கமாட்டோம் என்று பயந்து, ரெண்டு பேரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டானாம். இப்போது உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லையாம். "அதனால் பெரியப்பா, பெரியம்மா என்று வாருங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கையைக் கட்டியதால் ஜாடை ஒத்துப்போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது மாப்பிள்ளே. என்னை விடு, பத்து மாசம் சுமந்தவளுக்கு இது தெரிந்தால் தாங்குவாளா? கடிதத்தை ஒளித்துவிட்டேன். நாள்தோறும் "டிக்கெட் வந்துச்சா?" என்கிறாள்.

ஆகவே இதைக் கண்டதும் ஒரு தந்தி அடி. உனக்கு நெஞ்சுவலி, கவலைக்கிடம், அக்கா உடனே புறப்பட்டு வரவும் என்று. செத்துப்போ என்று கேட்கமாட்டேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பேர் போயாச்சு. உன் அக்கா அங்கே வந்து ஒரு மாசம் இருந்தால் பயணம் தானாக நின்றுபோகும்.

உன் சம்சாரம் தங்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல், போட்டோவுக்கு வெளியே நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
உன் மச்சான் கருணாகரன் (உயிரோடு)

பின்குறிப்பு: தந்தி அடிக்காதே. தபால்தலை வாங்கப் போகுமுன், பயணம் தள்ளிப்போகலாம் என்று உன் அக்காவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "தெரியும். தபால்காரர் எங்கிட்டதான் தந்தாரு. ஜைதூன் பீ படிச்சுச் சொல்லிட்டா, மறுபடி ஒட்டி வச்சேன்" என்றாள். ஷரஃபுதீன் சம்சாரம் படித்தாளாம். எட்டு நாளாக உன் அக்காவுக்கும் தெரியுமாம்! "பெத்தவதான செத்துப்போனா? பெரியம்மா போய்ப் பார்த்துட்டு வாரேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க" என்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று, "நான் வைரவனுக்குப் பெரியம்மா" என்று சொல்லிப் பழகுகிறாள். நானும் போகிறேன், வேறென்ன செய்ய? அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒன்பது வருஷம் கழித்து அவனைப் பார்க்கும்போது பெரியம்மா எவ்வளவு அழலாம் என்று கேட்கிறாள். உனக்குத் தெரிந்தால் எழுது.