கலர் வளையங்களை அலசிய விவகாரம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி பிறந்தபோது அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காததை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, சும்மா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நீ வேலை பார்க்கிற கம்பெனியின் டப்பாவை இனி இந்த வீட்டுக்கு அனுப்பாதே. பாலில் போட்டுத் தின்கிற அந்தக் கலர் வளையம்தான், டப்பா மேலே ஒரு முயல் புஜத்தை முறுக்கிக் காட்டுமே, அது. பேத்தி காலையில் வேறெதையும் தொடமாட்டேன் என்கிறாள். தின்றுவிட்டு முதல் பாடம் வரைக்கும் குதிக்கிறாளாம், அடுத்த பாடத்தில் பெஞ்சில் தலை சாய்த்துவிடுகிறாளாம், டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாள். பல் டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "காலையில என்னம்மா குடுக்கிறீங்க, மிட்டாயா?" என்றார். கேட்டது என்னை! அனுப்பினவனை இல்லை.

மருமகளிடம் சொன்னால், "வைட்டமின் இருக்குன்னு போட்டிருக்கே அத்தை" என்கிறாள். "வைட்டமினை முன்னாடி அவ்வளவு பெரிசா போட்டவன், சர்க்கரையை மட்டும் ஏன்டி பக்கவாட்டுல கொசு மாதிரி போட்டிருக்கான்?" என்றேன். "நீங்க எதையும் விடமாட்டீங்க" என்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பாவம், காலையில் அவளுக்குத் தலை வாரவே நேரமில்லை.

அப்புறம்தான் யோசனை வந்தது. அரிசியைக் கழுவாமலா உலையில் போடுகிறோம்? டப்பாவை அப்படியே சல்லடையில் கவிழ்த்து, பால்கனிக் குழாயில் மூணு தண்ணி விட்டு அலசினேன். முதல் தண்ணி ரோஸ், அடுத்தது பச்சை, கடைசியில் பெயின்டர் பிரஷ் கழுவின மாதிரி ஒரு நிறம். மிஞ்சினதைப் பழைய போர்வையில் பரப்பிக் காயவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனால், தம்பி, தண்ணி போன ஓட்டை ஓரமெல்லாம் எறும்பு! உன் கல்யாணத்தில் உன் மாமனார் வீட்டு ஆட்கள் சாப்பாட்டுக்கு முண்டியடித்த மாதிரி. அன்றைக்கு எனக்குத் தண்ணிதான் மிஞ்சியது, அதையும் மறந்தாச்சு. ஆனால் போர்வையில் காய்ந்த வளையத்தை ஒரே ஒரு எறும்பு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வைட்டமின் அதுக்கு வேண்டாமாம்.

காய்ந்ததை டப்பாவில் போட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வைத்துவிட்டேன். மறுநாள் பேத்தி ஒரு வாய் வைத்தாள். "பாட்டி, டப்பாவையே கிழிச்சுப் போட்டியா?" என்றாள். குட்டு உடைந்தது. மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்: காலையில் அம்மா அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. என் பேத்திக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை! எல்லாம் உன்னால். சின்ன வயசில் என் பிஸ்கட்டு மேலே இருந்த சர்க்கரையை நக்கிவிட்டு மொட்டை பிஸ்கட்டை என் கையில் கொடுத்தவன்தானே நீ!

உடனே நிறுத்து. இல்லாவிட்டால் அக்கா என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிடு. நான் மறக்கமாட்டேன், அது உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் அவளும் நூறு வயசு இருங்கள்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் புது டப்பா வந்துவிட்டது. பேத்தி ஒரு வளையத்தைத் தானே குழாயில் காட்டி, நிறம் போவதை வேடிக்கை பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே பாட்டி" என்று முட்டை கேட்டாள். மருமகளே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். பிரித்த டப்பாவை வீணாக்க மனசு வராமல் சாயங்காலம் டீயோடு நான் கொறித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அலசாமல் தின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் நிறுத்தாதே, என் பேருக்கு அனுப்பு. எனக்கென்ன, பல்செட்டு. சொத்தை விழாது.