ஊதா டார்ச் பேராசிரியர்

ஒரே ஒரு பாடத்தோடு வாழ்கிற மனிதர்கள் உண்டு. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார்கள். இந்த இனத்தைப் பார்க்க வேண்டுமா? ராயபுரத்துக்கு வாருங்கள். வேதியியல் பேராசிரியர் இக்னேஷியஸ் வீட்டில்தான் இருப்பார்.

ஜெல்லி மீன் எனப்படும் சொறிமீன்களில் சிலவகையின் உடம்பில் ஒரு புரதம் உண்டு. ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். அவ்வளவுதான் விஷயம். அதைப் பிடித்துக்கொண்டு இளைஞராகக் கல்லூரிக்குள் நுழைந்தவர், தலை நரைத்தும் வெளியே வரவில்லை. நெட்டுக்குப்பத்து வலைக்காரர்கள் கலீஜ் என்று கரையில் கொட்டிய சொறியை வாளி வாளியாக அள்ளி வந்தார் (அது ஒளிரவில்லை என்பது வேறு விஷயம்), அந்தப் புரதத்தைக் கிருமிக்குள் ஏற்றி ஒளிர வைத்தார், மாணவர்களை இருட்டில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார், கல்யாண வீடோ துக்க வீடோ கரண்ட் போனால் சட்டைப்பையிலிருந்து ஊதா டார்ச்சை எடுத்தார். விட்டால்தானே?

மகள் டெபோரா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வில்சனை விரும்பினாள். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எண்ணூரிலிருந்து வில்சன் வீட்டார் பேசி முடிக்க வந்த அன்று, டார்ச்சைக் கொடுத்துவிடும்படி அப்பாவிடம் கெஞ்சினாள். கொடுத்தார். இந்த இனம் ஒற்றை டார்ச்சோடு வாழுமா?

காபி வந்ததும் கரண்ட் போனது. இன்னொரு டார்ச் வெளியே வந்தது. புரதத்தில் தொடங்கியவர், பல்கூட ஒளிரும் என்று எல்லோரையும் ஈ என்று காட்டச் சொன்னார். பாவம், காட்டினார்கள். எல்லாப் பல்லும் பளிச்சிட்டது. வில்சனின் முன்பல் ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று நின்றது.

"அது கட்டின பல்லு. அதான் ஒளிரல" என்றார், சோதனை சரியாக வந்த ஆனந்தத்தில்.

வில்சன் வாயை மூடிக்கொண்டான். அவன் தாய் சிலுவையம்மாள் எழுந்துவிட்டாள். "வூட்டுக்கு இட்டாந்து என் புள்ள வாய்ல லைட்டு அட்ச்சிப் பாக்குறீங்களா? வா வில்சன், போலாம்."

டெபோராவுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. டார்ச்சைப் பிடுங்கி அதன் வெளிச்சத்தை அப்பாவின் முகத்தில் அடித்தாள். "டாடி, நீயும் காட்டு."

பழக்கதோஷம், காட்டிவிட்டார். மேல்வரிசை, கீழ்வரிசை, மொத்தமும் இருட்டு.

சிலுவையம்மாள் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணுகூட சொந்தம் இல்லியா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அன்றே கல்யாணத் தேதி குறித்தார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கும் தெரிந்த ஒரு விஷயம் இருக்குமே, போகிற இடமெல்லாம் எடுத்து அடுத்தவர் மேல் அடிப்பீர்களே? ஒருமுறை அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அடித்துப் பாருங்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.