இரண்டாம் தாளுக்கு ஐந்தே கேள்வி

தேனப்பன் மட்டும் "தர மாட்டேன்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், தயாளன் பேசாமல் லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். "சும்மா எப்படிப்பா தர்றது?" என்று கேட்டதில்தான் வம்பு தொடங்கியது.

தேனப்பனிடம் இருந்தது டிப்ஸ். பல்கலைக்கழகம் போக எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் இன்னின்ன கேள்விகள் வரும் என்று யாரோ யாரிடமோ சொல்லி, கைமாறிக் கைமாறி வரும் சீட்டு. தேர்வு நெருங்கிவிட்டால், ஆறாம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர்கள் ஒருவரையொருவர் சுகமா என்று கேட்பதில்லை. டிப்ஸ் கிடைத்ததா என்றுதான் கேட்கிறார்கள். தேனப்பனின் மகன் ராம்நாத்தும் தயாளனின் மகள் ஹேமாவும் ஒரே வகுப்பு. இரண்டு குடும்பமும் பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தன.

ஹேமாவுக்கு முதல் பருவப் பொருளாதாரத்தில் சி பிளஸ்தான் வந்திருந்தது. இரண்டாம் தாளில் ஏ வாங்கினால்தான் கோலாலம்பூரில் அவள் கேட்கும் படிப்பு கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இதற்குள் தயாளன், பாயான் லெப்பாஸில் தாம் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் ஸ்டோர் முழுக்க, மகள் பல்கலைக்கழகத்துக்குப் போயேவிட்டதாகச் சொல்லி லட்டும் கொடுத்துவிட்டார். தின்றவர்களிடம் லட்டைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏ வந்தே ஆகவேண்டும்.

"சும்மா வேணாம்ணே," என்றார் தயாளன். "என்கிட்டயும் டிப்ஸ் இருக்கு."

"உன்கிட்டயா? எங்கேர்ந்து?"

"என் சகலை கே.எல்.ல இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சவரு கேள்வித்தாள் போடறவரு. பேரெல்லாம் கேக்காதீங்க."

சகலை கோலாலம்பூரில் இருப்பது உண்மை. அங்கே அவர் ஏர்கோன் ரிப்பேர் செய்கிறார். கேள்வித்தாள் போடுபவர் யாருக்காவது ஏர்கோன் பழுதாகியிருந்து, அதை இவர் பார்த்திருந்தால்தான் உண்டு.

"நாளைக்குக் கொண்டா. மாத்திக்கலாம்," என்றார் தேனப்பன். "யார் கொடுத்தான்னு நான் மூச்சு விடமாட்டேன்."

மறுநாள் மதியம் ஃபேக்டரி கேண்டீனில் உட்கார்ந்து தயாளன் கேள்விகளை உற்பத்தி செய்தார். அன்றைக்குப் பார்த்து நாசி கண்டார் சோற்றின் விலை ஏறியிருந்தது; எனவே முதல் கேள்வி பணவீக்கம். மனைவியின் தம்பியை நினைத்துக்கொண்டு இரண்டாவதாக வேலையின்மை என்று எழுதினார். காலையில் வங்கியில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற கோபம், வங்கிகள் எப்படிப் பணத்தைப் பெருக்குகின்றன என்று மூன்றாவதாக வந்து விழுந்தது. நான்காவது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரி. ஐந்தாவதற்குக் கோபம் எதுவும் மிச்சமில்லாததால், ஹேமாவின் புத்தகத்தில் எப்போதோ கண்ணில் பட்ட 'தேசிய வருமானம்' என்பதைப் போட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் கொட்டை ஆங்கில எழுத்தில்தான் எழுதினார். ஆனால் லீவு கேட்கும் பாரமானாலும் மீன் வாங்கும் சீட்டானாலும், எழுதத் தொடங்குமுன் அவர் கை ஒன்றைத் தானாகச் செய்துவிடும். இப்போதும் செய்திருந்தது. தாளின் தலையில் நட்டநடுவாக ஓர் 'உ'. அதன் வால் எப்போதும்போல வலப்பக்கம் நீண்டு போயிருந்தது.

தேனப்பன் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினார். பதிலுக்குத் தம்முடையதைக் கொடுத்தார். அதில் வரிசையாக இருபத்துமூன்று தலைப்புகள் இருந்தன.

"அண்ணே, இது புஸ்தகத்தோட பொருளடக்கம்."

"ஆமா. அதுலேர்ந்துதான் வரும். நூத்துக்கு நூறு உறுதி," என்றார் தேனப்பன், லிஃப்ட் பொத்தானை அமுக்கியபடி.

ஏமாந்ததும் ஏமாற்றியதும் சரிக்குச் சரியாகப் போயிற்று என்று தயாளன் மனத்தைத் தேற்றிக்கொண்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை ஹேமா டியூஷன் முடிந்து வந்தாள். தயாளன் கோப்பையில் சூடாகத் தே குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சிக்கு இர்வான் இன்னைக்கு கிளாஸ்ல ஒரு டிப்ஸ் காட்டினாரு. பட்டர்வொர்த் பிள்ளைங்க கையில கூட இருக்காம். பாக்கறீங்களா?"

இர்வான் அவளுடைய டியூஷன் ஆசிரியர்; மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்பார்கள். பொருளாதாரத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். ஹேமா போனை நீட்டினாள். போட்டோவைப் போட்டோ எடுத்து, அதையும் ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பியதில் எழுத்துகளெல்லாம் கரைந்து எறும்பு வரிசையாகியிருந்தன. தலையில் இருந்த உ மட்டும் அப்படியே இருந்தது.

"மேலே இருக்கு பாருங்க, அது ரெண்டுங்கிற நம்பராம்ப்பா. ரெண்டாம் தாளுன்னு அர்த்தமாம். சாதாரண ரெண்டு இல்லையாம். வாலை இப்படி இழுத்துப் போடறது கேள்வித்தாள் போடறவங்களோட ரகசிய முத்திரைன்னு சிக்கு அரை மணி நேரம் விளக்கினாரு."

தயாளனுக்குப் புரையேறியது. ஜெகதீஸ்வரி ஓடிவந்து கணவரின் உச்சந்தலையில் தட்டினாள்.

"யாரோ நினைக்கிறாங்க போல," என்றாள்.

பினாங்கே நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"நீ இதையெல்லாம் நம்புறியாம்மா?" என்று தயாளன் இருமலுக்கு நடுவே கேட்டார்.

ஹேமா அவரை ஒரு கணம் பார்த்தாள். "சிக்குவே சொல்றாரே," என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள்.

எழுத்து அடையாளம் தெரியாமல் கரைந்தது ஏதோ புண்ணியம் என்று தயாளன் நினைத்தார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது அந்த நினைப்பும் போயிற்று. மேசையில் ஹேமாவின் நோட்ஸ் கட்டு பிரிந்து கிடந்தது. பணவீக்கம், வேலையின்மை, வங்கி, வரி, தேசிய வருமானம் ஆகிய ஐந்தையும் மட்டும் தனியே உருவி, ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்திருந்தாள்.

கேண்டீன் நாசி கண்டாரை நம்பி மகள் பல்கலைக்கழகம் போகப் பார்க்கிறாள்!

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் "குறுக்கு வழியில போறவன் உருப்பட மாட்டான்" என்று அவளுக்கு மாதம் இரண்டு தடவை பிரசங்கம் செய்துவந்தவர் அவர்தான். வாயைத் திறந்தார், "ரசம் ஆறுதும்மா" என்றுதான் வந்தது.

அடுத்த நாளே ஒரு புது சிம் கார்டு வாங்கினார். ராம்நாத்தும் மற்ற பிள்ளைகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு லிங்க் வழியாகச் சேர்ந்து, பெயர் போடாமல், அழகான மலாயில் ஒரு செய்தி அனுப்பினார்: 'இந்த டிப்ஸ் பொய். யாரும் நம்ப வேண்டாம். இதில் உள்ள எதுவும் வராது.'

மாலையில் லிஃப்டில் தேனப்பன் அவரைக் கட்டிப்பிடிக்க வந்தார்.

"உன் ஆளு லேசுப்பட்ட ஆளு இல்லப்பா! மேலிடத்துலேர்ந்து மறுப்பே வந்திருச்சு. பொய்யா இருந்தா அவன் ஏன் மறுக்கப் போறான்? பிள்ளைங்க மத்த புஸ்தகத்தையெல்லாம் மூடி வச்சிட்டாங்க."

தயாளன் மறுபடி யோசித்தார். பிள்ளைகள் நம்புவது இர்வான் சொல்வதை. இர்வானே இல்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்தது. சனிக்கிழமை காலை டியூஷன் நிலையத்துக்கே நேரில் போய்விட்டார்.

"சிக்கு, அந்தத் தாள் சுத்தப் பொய். அதுல இருக்கிறது எதுவும் வராது," என்றார் மலாயில்.

இர்வான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அவ்வளவுதான்."

"எது வராதுன்னு ஒருத்தருக்குத் தெரியுதுன்னா, எது வரும்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

பொருளாதாரம் படித்தவரிடம் தர்க்கம் பேசி ஜெயிக்க முடியாது என்று தயாளன் கிளம்ப எழுந்தார். "உங்க போன் நம்பரையாவது எழுதிட்டுப் போங்க," என்று இர்வான் ஒரு தாளை நகர்த்தினார். தயாளன் எழுதி நீட்டினார்.

இர்வான் நம்பரைப் பார்க்கவில்லை. தாளின் தலையைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, இரண்டு கையாலும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்சே... ஐயா, நான் எதையும் பார்க்கல," என்றார் தணிந்த குரலில். "மூணாம் தாள் சமயத்துல என்னை மறந்துடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவிலிருந்து ஒரு கூடை டுரியான் பழம் வீட்டுக்கு வந்தது. யார் அனுப்பியது, எதற்கு என்று ஜெகதீஸ்வரி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட எஸ்.டி.பி.எம். எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். திங்கள்கிழமை முதல் இர்வான் மற்ற பாடங்களை நிறுத்திவிட்டு அந்த ஐந்தை மட்டுமே நடத்தினார்.

கடைசி முயற்சியாகத் தயாளன் இன்னொரு பட்டியல் தயாரித்தார். ஹேமா ஓரங்கட்டாத வேறு ஐந்து தலைப்புகள். இந்தத் தடவை இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, உ போடாமல் ஜாக்கிரதையாக எழுதி, புது நம்பரிலிருந்து குழுவுக்கு அனுப்பினார். முத்திரை இல்லாத டிப்ஸ் போலி என்று இரண்டே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. குழுவிலிருந்து அந்த நம்பரையும் தூக்கிவிட்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. தயாளன் லீவு போட்டுவிட்டு மகளைத் தாமே காடி ஓட்டிக் கூட்டிப்போனார். பள்ளி வாசலில் நிறுத்தியதும் வாய் பொறுக்கவில்லை.

"ஹேமா, அந்த அஞ்சை மட்டும் படிச்சிட்டுப் போனா போதாதும்மா."

"தெரியும்ப்பா."

"மத்ததையும் படிச்சியா?"

"மத்தது எல்லாமே படிச்சிட்டேன்ப்பா. பயப்படாதீங்க," என்று அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

தம்மைத் தேற்றுவதற்காகத்தான் சொல்கிறாள் என்று தயாளன் நினைத்தார். பள்ளிக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்து மூன்று தே ஆர்டர் செய்தார், மூன்றும் ஆறிப்போயின. பயமாக இருந்தது. லட்டு போனால் போகட்டும். ஒரு பெண் ஒரு வருஷம் கண் விழித்துப் படித்ததை, அப்பன்காரன் ஒரு மதியச் சாப்பாட்டில் கெடுத்துவிட்டானே என்று தம்மைத் திட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

மணி அடித்தது. முதலில் ஓடிவந்தவள் ஹேமாவின் தோழி நூருல். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதின் மகள்.

"அங்கிள்!" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். "அஞ்சும் வந்துச்சு லா!"

"எந்த அஞ்சும்மா?"

"டிப்ஸ்ல இருந்த அஞ்சும்! ஒண்ணு விடாம! நான் எல்லாத்தையும் எழுதிட்டேன். ராம்நாத் எழுதி முடிச்சிட்டுக் கடைசி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்!"

தயாளன் விரல் விட்டு எண்ணினார். நாசி கண்டாரும், மச்சானும், வங்கி வரிசையும் கேள்வித்தாளாக வந்திருக்கின்றன. பொருளாதாரம் என்பது தமக்குள் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது போலும். போன் அடித்தது, தேனப்பன். "தயாளா, நீ மனுஷனே இல்லய்யா, தெய்வம்!" என்றார் அவர். மன்னிப்புக் கேட்கும் திட்டத்தைத் தயாளன் அங்கேயே கைவிட்டார். உண்மையைச் சொல்லத்தான் போகிறார். ஆனால் இனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம். ஃபேக்டரியில் இன்னொரு சுற்று லட்டு கொடுத்தாலும் தப்பில்லை.

"அப்ப நம்ம ஹேமாவும் பிரமாதமா எழுதியிருப்பாளே! எங்கம்மா அவ?"

நூருலின் சிரிப்பு நின்றது.

"அவ அந்த அஞ்சை மட்டும்தான் அங்கிள் தொடவே இல்ல. நான் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். 'அது நம்பர் ரெண்டும் இல்ல, முத்திரையும் இல்லடி, எங்கப்பா போடற பிள்ளையார் சுழி'ன்னு சொல்லி ஓரங்கட்டிட்டா."