முட்டைமேல் போட்ட பழி

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால், "இவ குடுக்கச் சொன்ன முட்டைதான் எம்புருஷன கொன்னுச்சு" என்று நான் கத்தியதில் உன் நலம் அன்றைக்கே போயிருக்கும்.

நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். "எங்கண்ணன் துரும்பா இளைச்சுட்டான் அண்ணி, புரதம் வேணும், தினமும் ரெண்டு முட்டை குடு" என்றாய். கொடுத்தேன். அப்புறம் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் புரதம் படிந்திருக்கிறது என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து முட்டை, பால், பருப்பு எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். நாற்பது நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். "ஒரே ஒரு முட்டை குடுடி, செத்தா போயிடுவேன்?" என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. போய்விட்டார்.

நேற்று டாக்டரம்மாவிடம் போய், "முட்டைய முன்னாடியே நிறுத்தியிருந்தா பொழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "திங்கிற முட்டை வயித்துலயே மணி மணியா உதிர்ந்துடும்மா. அந்த மணிக்கு அமினோ அமிலம்னு பேரு. உடம்பு அதக் கோத்து, மடிச்சு, தனக்கு வேண்டிய புரதத்தத் தானே செஞ்சுக்கும். அவருக்கு ஒரு புரதம் தப்பா மடிஞ்சு இதயத்துல ஒட்டிக்கிச்சு. முட்டை என்ன பண்ணும், பாவம்?"

மடிப்பாம்! இருபத்தாறு வருஷமாகச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளிடம் சொல்கிறார். ஒரு மூலை கோணினாலும் உதறித் திரும்ப மடிப்பேன். அந்த மனுஷனுக்குள் கோணியதை உதற ஆளில்லை. இன்றைக்கு ஒரே விரிப்பைப் பதினோரு தடவை மடித்தேன். மேஸ்திரி, "என்னம்மா, அதுக்குத் தாலாட்டா பாடற?" என்றார். கண்ணை அதிலேயே துடைத்துவிட்டேன். அதுவும் திரும்ப வெளுக்கப் போய்விட்டது.

பழி உன்மேல் இல்லை. பசியோடு அனுப்பி வைத்த பாவி நான்தான். இந்த முகத்தில் நீ விழிக்க வேண்டாம். அவர் சட்டைகளைத் துவைத்து அனுப்புகிறேன், வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு என் ஆசி. நீங்களாவது வயிறாரச் சாப்பிட்டு நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் நீ அப்படிக் கூப்பிட்டால், உன் அண்ணி.

பி.கு.: துவைக்குமுன் பையைத் துழாவுவது எங்கள் தொழில் பழக்கம். அவருடைய பழுப்புச் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் முட்டை ஓடு. பொட்டலத்தில் நாலு மூலையும் நேராக, அவர் என்னிடம் கற்ற மடிப்பு. அந்த நாற்பது நாளும் என் வீட்டில் முட்டை கிடையாது. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவரைப் பார்க்க வந்தவள் நீ ஒருத்திதான். அடி கள்ளி! அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியும் வாயைத் திறக்காமல் நின்றாயே. மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. உடனே புறப்பட்டு வா. தின்னும்போது என்னை என்னவெல்லாம் திட்டினார் என்று உன் வாயால் கேட்க வேண்டும். பழுப்புச் சட்டையை மட்டும் தரமாட்டேன்.