நிழலை ஏலம் விட்டவர்

சேலம் ஜில்லாவில் வெயிலில் காய்ந்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். நிழலுக்குக் கணக்குக் கேட்டு ஊரையே பகைத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஊருக்கு அவர் 'நிழலய்யா'.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்தை ஒட்டிய ஒரு நெசவு ஊரில் நான் குமாஸ்தா. வந்த புதிதில் அவரோடு டீ குடிக்கப் போனேன். கிளாசை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. உங்க டீக்காக ஒருத்தரும் வர்றதில்லீங்க. இந்த வேப்பமரத்துக்காக வர்றாங்க."

"அப்படீங்களா? அப்ப மரத்துக்கிட்டயே டீ வாங்கிக் குடிங்க," என்றார் கடைக்காரர். அதோடு எங்கள் இருவருக்கும் அந்தக் கடை இல்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்து. பெண்ணின் அப்பா தோட்டத்துக் கிணற்றைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க தண்ணி இல்லீங்க. மேக்கால இருக்கற ஏரித் தண்ணி," என்றாராம். பஜ்ஜி வருவதற்குள் சம்பந்தம் முறிந்தது. பிறகு யாரும் அவருக்குப் பெண் பார்க்கவில்லை. சாயங்காலங்களில் வாடகை அறை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் பெரும்பாலும் காக்கைதான் உட்காரும்.

ஊர் நடுவில் பாவடி. நெசவாளர்கள் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் பொது நிலம், சர்க்கார் புறம்போக்கு. இரு பக்கமும் புளியமரங்கள். கடும் வெயில் பட்டால் கஞ்சி முறுகி இழை அறும். அந்த மரங்களை வெட்டிக் கிடங்கு கட்டலாமா என்று மேலிடத்துக்கு யோசனை. மரங்களின் மதிப்பைக் கேட்டிருந்தார்கள். விறகையும் புளியையும் எழுதி முடிக்க வேண்டிய வேலை. நிழலய்யா நிழலையும் சேர்த்தார்.

தாசில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார். "புளியை வருஷா வருஷம் ஏலம் எடுக்கறாங்க, அதுக்கு மதிப்பு இருக்கு. நிழலை யாருய்யா எடுப்பான்?"

"விட்டுப் பாக்கலாமுங்களே."

"சரி, விடுங்க. ஒருத்தன் கேட்டாலும் மரத்தை வெட்ட வேண்டாம்னு எழுதறேன்."

"தாசில்தார் சொன்னதை நெசவாளர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்," என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை. "சொல்லிக் குடுத்துக் கேக்க வெச்சா அது மதிப்பு இல்லீங்க. அவங்களா கேக்கோணும்."

பாவடியிலேயே ஏலம். புளி நிமிஷத்தில் போயிற்று. "அடுத்தது நெழலுங்க. ஒரு வருஷத்து நெழல். கேக்கறவங்க கேக்கலாமுங்க," என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மறுபடி கேட்டார். சிரிப்பு அடங்கியது.

நெசவாளர்களின் நாட்டாண்மைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, இது பொதுவுல கெடக்கறது. நாங்க வெல சொன்னா எங்க சொந்தமாயிரும். அப்புறம் ஆடு மேய்க்கறவனை, வழிப்போக்கனை எந்திரின்னு சொல்லோணும். எங்க பாவடியில அந்தப் பழக்கமே இல்லீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். தாசில்தார் 'கேட்பாரில்லை' என்று எழுதினார்.

ஒருத்தர் கேட்டிருந்தாலும் மரங்கள் தப்பியிருக்கும் என்பது, அவை விழுந்த பிறகுதான் நாட்டாண்மைக்காரருக்குத் தெரிந்தது. ஆபீசுக்கே வந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா எனக்காகக் கேட்டிருப்பீங்க. மரத்துக்காகக் கேப்பீங்கன்னு இருந்தேனுங்க," என்றார் நிழலய்யா. எனக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அவருக்கு ஓமலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. நட்ட நடு மத்தியானம் பாவடி முனையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். ஆபீசிலிருந்து வழியனுப்ப வந்தது நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் நாட்டாண்மைக்காரர் கஞ்சி ஒட்டிய கையோடு வந்தார். ஒரு பழைய குடையை விரித்து நிழலய்யா தலைக்கு மேலே பிடித்தார்.

"எதுக்குங்க சிரமம்? நீங்க வெயில்ல நிக்கறீங்க."

"இருக்கட்டுங்க சாமி."

நிழலய்யா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் அஞ்சு நிமிஷம் தாமதித்தாலே கண்டக்டரைச் சபிக்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் அந்த பஸ் வராமலே போனால் தேவலை என்று இருந்தது.