கருத்துப்பெட்டி கேட்ட ஒரு வரி

அரசாங்கம் அச்சடித்து ஒட்டிய அறிவிப்புகளை முதல் எழுத்திலிருந்து அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை வாசித்த ஒரே குடிமகன் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில்தான் இருந்தார். அவற்றை எழுதியவர்கள்கூட அவ்வளவு தூரம் வாசித்திருக்க மாட்டார்கள். இதை உறுதியாகச் சொல்வேன். எழுதியவர்களில் சிலரை எனக்குத் தெரியும்.

ஊர் இனயத்துக்குப் பக்கம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குத்தந்தையின் பதிவேட்டில் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் கருத்துப்பெட்டி. பேருந்தில் ஏறி, “கருத்துப்பெட்டி வீட்டுக்கு எங்கே இறங்கணும்?” என்று கேட்டால் நடத்துநர் இடத்தைச் சொல்வார், ஆனால் முகம் கடுத்துவிடும். அந்தத் தடத்தைப் பற்றி மட்டும் அவர் எழுதிய பதினாறு கருத்துகள் மேலிடத்துக்குப் போயிருந்தன. பதினைந்தாவது, பேருந்தில் போடும் பாட்டுகளைப் பற்றியது.

எல்லாம் ஒரு வலை பின்னும் ஊசியில் தொடங்கியது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு அவர் பஹ்ரைனுக்குக் கிளம்பினார், ஓர் அரபியின் படகில் மீன் பிடிக்க. கைப்பையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் ஊசி. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வாதாடியிருப்பார்கள், அல்லது வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் அங்கே மேசையில் இருந்த பயணிகள் கருத்துப் படிவத்தை எடுத்தார்.

‘வேறு கருத்துகள்’ என்பதற்கு இரண்டு கோடுகள்தான் விட்டிருந்தார்கள். அவர் பின்பக்கத்துக்கும் பிறகு ஓரங்களுக்கும் போனார். ஊசி பிளாஸ்டிக்கால் ஆனது; அதைக் காட்டி விமானத்தை யாரும் மிரட்ட முடியாது; விமானம் எங்கேயாவது கிழிந்திருந்தால் வேண்டுமானால் தைத்துக் கொடுக்கலாம் என்று எழுதினார். ஆனால் அவருடைய முக்கியமான கருத்து ஊசியைப் பற்றியது அல்ல.

“ஊசிய எடுத்தான். நான் ஒண்ணும் சொல்லல்ல தம்பி, அவனுக்கு அது சோலியாக்கும்” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். “ஆனா நான் வரிசையில நிக்கித நேரம் முழுக்க அந்தப் பயலும் நிக்கான். காலு மாத்தி மாத்தி நிக்கான். அத யாரு பாக்குதது? ஒரு சேரு போட்டுக் குடுங்கன்னு எழுதினேன்.”

நான்கு மாதம் கழித்து வீட்டுக்கு ஓர் உறை வந்தது. அவர் மனைவி பிலோமி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே பஹ்ரைனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “கவர்மெண்டு உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கு. அங்க போயி என்ன செஞ்சு வச்சீங்க?”

தங்கள் மேலான கருத்து பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் ஊர் திரும்பியபோது அதே விமான நிலையத்தில், சோதனை வாசலுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு நாற்காலி கிடந்தது. அதில் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார்.

தற்செயலாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“இருக்கும். ஆனா அதுக்கு முந்தி யாரும் எழுதல்லல்லா?” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தக் கோடும் வெறுமையாக இருக்க அவர் விடவில்லை. வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, மின்வாரியம் என்று எங்கே கருத்துக் கேட்டாலும் கொடுத்தார். கேட்காத இடத்தில் வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுத்தார். பிலோமி தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்: “எனக்க மீன் கொழம்புக்கும் மார்க்கு போடுதாரு, கேட்டீங்களா? நல்லது, சுமாரு, மோசம்னு. நான் ஒருநாளு சட்டியோட எடுத்துக் கொண்டு போயிட்டேன். அன்னையிலேருந்து மிக நன்றுதான்.”

நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதி நிருபர். இரணியலில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கடற்கரைப் பக்கம் செய்தி இல்லாத நாளில் அவரைப் போய்ப் பார்ப்பேன், ஏதாவது கிடைக்கும். சுனாமிக்குப் பிறகு பேரிடர் அறிவிப்புகள் எங்கள் கரையில் மழைபோலப் பெய்தன. ஆபத்தில் ஓட வேண்டிய திசையைக் காட்டும் பலகை ஒன்றை எப்படியோ திருப்பி நட்டுவிட்டுப் போனார்கள். அம்புக்குறி நேராகக் கடலைக் காட்டியது. ஊரார் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். இவர் எழுதினார்: ‘அந்தத் திசையில்தான் நாங்கள் தினமும் போய்க்கொண்டிருக்கிறோம். ஆபத்து வரும் நாளிலாவது வேறு வழி காட்டவும்.’ பத்து நாளில் வந்து திருப்பி வைத்தார்கள். அவருடைய கணக்கில் இது இரண்டாவது வெற்றி.

பிறகு பேரிடர் ஒத்திகை வந்தது. மைக், கயிறு, ஆம்புலன்ஸ் எல்லாம் கொண்டுவந்தார்கள். காயம்பட்டவராகவும் மயங்கியவராகவும் நடிக்க ஆள் கிடைத்தது. இறந்தவராகப் படுக்க யாரும் வரவில்லை. அந்தக் கரையில் யார் வருவார்கள்? கடைசியில் கருத்துப்பெட்டி, ஒத்திகை முடிந்ததும் தனக்கும் கருத்துப் படிவம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மணலில் படுத்தார். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. ஈ மொய்த்தபோதும் அசையவில்லை.

“ஓய், மூச்சு இருக்கா?” என்று கரையில் நின்ற ஒருவர் கேட்டார்.

“பேசப்பிடாதுன்னு சொல்லியிருக்கானுவ” என்றது பிரேதம்.

அன்று அவர் நிரப்பிய படிவத்தை நான் நகல் எடுத்து வைத்தேன். பங்கேற்ற முறை: பிரேதம். உணவு வசதி: ‘வழங்கவில்லை. பிரேதம் எதிர்பார்க்கவும் இல்லை.’ வேறு கருத்துகள்: ‘இறந்தவர் முகத்தில் ஒரு துணி போட ஏற்பாடு செய்யலாம். வெயிலுக்காகச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்காக.’

அந்தக் கடைசி வாக்கியத்தின் காரணத்தை பிலோமிதான் எனக்குச் சொன்னார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் கரையிலிருந்து ஒன்பது பேரின் உடல்களை மாதா கோயிலுக்குத் தூக்கி வந்தார். முதலில் தூக்கியது ஒரு குழந்தை. சட்டையைக் கழற்றி அதன் முகத்தில் போட்டார். மற்ற எட்டுப் பேருக்குப் போட அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் நான் அவரை வேடிக்கை மனிதராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மகன் ஷாஜி படிப்பை விட்டுவிட்டுத் தங்கல் படகில் சேர்ந்தான். பத்து நாள், பதினைந்து நாள் கடலிலேயே தங்கி, வெகு தூரத்தில் மீன் பிடிக்கும் விசைப்படகு. கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாது. முதல் முறை அவன் போன வாரத்தில் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் கடற்கரை ஊர்களில் அரசு அறிவிப்பைக் கோயில் மைக்கில்தான் வாசிப்பார்கள். வாசித்தால்தான் அது அறிவிப்பு. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ வாசித்து முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. இவர் மட்டும் நோட்டீசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போகாதேன்னு சொல்லியாச்சு. செரி. போனவனுக்கு என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

அந்தக் காகிதத்தில் போனவனுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் புயல் திசை மாறிப் போனது, ஷாஜி மீனோடு வந்தான். ஆனால் கருத்துப்பெட்டிக்கு வாழ்க்கையின் வேலை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுத ஆரம்பித்தார். ‘ஏற்கெனவே கடலில் இருப்பவர்கள் கரை திரும்ப வேண்டும், அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு இன்னாருடையது.’ அதையும் நான்கு நாள் முன்னால் சொல்ல வேண்டும், கரையிலிருந்து எட்டாவிட்டால் கப்பல் வழியாகச் சொல்ல வேண்டும். எந்தெந்த அலுவலகம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் எழுதினார். பரிசீலிக்கப்படும் என்று ஏழு பதில்கள் வந்தன. எட்டாவது பதில், புயல் காலத்தில் தாங்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு இரணியலுக்கு என் அறைக்கு வந்தார். வீடு தேடி வந்தது அது ஒரு தடவைதான்.

“தம்பி, இத உனக்க பேப்பர்ல போடணும். என்னப் பத்தி ஒண்ணும் வேண்டாம். இந்த வரி மட்டும் போதும். எனக்க மவனும் போறான் கேட்டியா, ஒறக்கம் வரமாட்டேங்குது.”

போடுகிறேன் என்றேன். போட்டேன். ஆனால் நான் எழுதியது ஊசியை, நாற்காலியை, பிரேதத்தின் படிவத்தை. அவை சுவையாக இருந்தன. மேலே அவர் படம், தலைப்பு: ‘பிரேதம் எழுதிய கருத்து’. அவர் கேட்ட வரியைக் கடைசிப் பத்தியாக வைத்தேன். பக்கத்தில் இடம் போதாவிட்டால் ஆசிரியர் குழு கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் அது. அதனால்தான் செய்தியின் உயிரை முதலில் வை என்பார்கள். அன்று கீழே ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. கடைசிப் பத்தி போய்விட்டது.

மாவட்டம் முழுக்கச் சிரித்தது. அடுத்த மாதம் நாகர்கோவிலில் நடந்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு அவர் தாளோடு போனார். நானும் செய்திக்காக உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்ததுமே பின்வரிசையில் யாரோ, “எலே, பிரேதம் எழும்பிட்டு” என்றார்கள். கூடம் குலுங்கியது. மேடையிலிருந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், பேப்பர் படித்திருந்தார்.

“பெரியவரே, உங்க பையன் படகுல போறான் இல்லையா? சொந்தக் கவலையை ஊர்க் கவலையாக்கிட்டீங்க” என்றார்.

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். வெளியே வரும்போது என்னிடம், “போட்டோ நல்லா விழுந்திருக்கு தம்பி” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் கரை இன்றும் மறக்காத அந்தப் பெரும்புயல் வந்தது. கோயில் மைக்கில் வாசித்த நோட்டீசில் பழைய வரிதான் இருந்தது. ஷாஜி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நான் போனபோது கோயில் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் வந்து யார் யார் கடலில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பட்டியல் இல்லை. கருத்துப்பெட்டியிடம் இருந்தது. படகின் பெயர், பதிவெண், கிளம்பிய தேதி, எத்தனை பேர், கடைசியாக யாரோடு பேசினார்கள் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். ஒரு மேசை போட்டு அவரை அதிகாரிகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். ஷாஜியின் படகு நான்காவது இடத்தில் இருந்தது.

“அண்ணே, உங்க படகை முதல்ல தேடச் சொல்லுங்க” என்று காதருகே சொன்னேன்.

“தேதிப்படி எழுதினதாக்கும் மக்கா. மாத்தப்பிடாது” என்றார்.

பட்டியலில் இருந்த படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சில தீவுகளில் ஒதுங்கி வந்தன, சிலவற்றைக் கப்பல் கட்டி இழுத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் நேரே ஒரு சரிக்குறி போட்டார். நான்காவது வரவில்லை.

ஷாஜிக்காக நடந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். பிலோமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த வரியைக் கடைசியில் வைத்தது நான்தான், வெட்டுவார்கள் என்று தெரிந்தும் வைத்தேன் என்றேன்.

“எனக்கும் தோணிச்சு” என்றார். “எத்தன நோட்டீஸ் வாசிச்சவன் நான். கடைசியில கெடக்கிதத எவனும் பாக்கமாட்டான். சொல்லலாம்னு நெனச்சேன். பெறவு, பத்திரிகக்காரனுக்கு நாம என்ன சொல்லிக் குடுக்கதுன்னு விட்டுட்டேன்.”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து, அந்த வரியைப் பற்றித் தானே எழுதி வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இப்ப போடு. இப்ப எனக்குக் கடல்ல ஆளு இல்ல. சொந்தக் காரியம்னு ஒருத்தனும் சொல்ல முடியாது.”

இப்போது வரும் எச்சரிக்கைகளில், கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அது யாரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் கரை முழுக்கக் கத்தியது. கோயில் மைக்கில் அதை முதன்முதலாக வாசித்த அன்று அவரிடம் கேட்டேன். “நல்லது” என்றார். நோட்டீசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சொல்லுததுக்குப் பொறுப்பு யாருன்னு போடல்லியே” என்றார்.

முப்பதாம் நாள் பூசையன்று அவர் தந்த தாள் ஒரு பக்கம்தான். அறைக்குக் கொண்டுவந்து, வழக்கம்போலச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் வாக்கியம் நீளம், ஓர் இடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தார். முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை அப்படியே அனுப்பினேன். இத்தனை வருட வேலையில் என் பேனா படாமல் அச்சேறிய பிரதி அது ஒன்றுதான்.