பெட்டி ரயிலில், சாவி பஸ்ஸில்

அன்றைக்குக் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், அப்பா, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. இல்லாதவர்: சுடலை மாமா. பெட்டியில் தொங்கிய பூட்டின் சாவி அவரிடம் இருந்தது. அவர் எங்கே இருந்தார் என்பது கோயம்புத்தூரில் ஒருவருக்கும் தெரியாது.

எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருஷங்கள் ஓடிவிட்டன, படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன், இன்னும் ஆறவில்லை. வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

முக்கூடலில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் கொஞ்சம் திமிர். (கொஞ்சம் என்ன கொஞ்சம், வண்டி வண்டியாக.) விடுதிக்குப் போகிற மாணவன் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கண் வலிக்கிறவரை யூடியூபில் பார்த்தேன். துணி காயப்போட கிளிப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொசு மட்டை என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் வரிசையாக அடுக்கி, தோள்பையின் உள்ளறையில் செருகினேன். ‘முக்கியமானது எப்போதும் கையோடு இருக்க வேண்டும்’ என்று வீடியோவில் ஒரு அண்ணன் அழுத்திச் சொல்லியிருந்தார். அந்த அண்ணனுக்கு என் அப்பா மாதிரி ஓர் அப்பா இல்லை போலிருக்கிறது.

அப்பா திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த மளிகைக் கடையில் லோடுமேன். அம்மாவின் தம்பி சுடலை மாமாவும் அங்கேதான். மூடின வண்டியில் மூடைகளை ஏற்றி வெளியூர் அனுப்பும்போது அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கும் சாவியும் ஒரே வண்டியில் போகாது. சாவியை ஓர் ஆள் மடியில் முடிந்துகொண்டு முன்கூட்டியே பஸ்ஸில் போய், சரக்கு இறங்குகிற இடத்தில் காத்திருப்பார். நடுவழியில் யாரும் கைவைக்க முடியாது. தன் காலத்தில் ஒரு பருப்பு குறைந்ததில்லை என்பது அப்பாவின் வாழ்நாள் பெருமை. இருக்கட்டும். கடையோடு இருந்திருக்க வேண்டும் அந்தப் பெருமை.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டி கட்டும் வேலை நடந்தது. அம்மா கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டை உள்ளே வைத்தாள். அதன்மேல் உடன்குடிக் கருப்பட்டி. அதற்கும் மேல் முறுக்கு.

“யம்மா, அங்க சாப்பாடு போடுவாங்க. அப்பளத்தக் கொண்டுபோயி எங்க பொரிக்க?”

“ஏன், அங்கன எண்ணெச்சட்டி இருக்காதாக்கும்? பொரிச்சித் தாங்கன்னா தந்துட்டுப் போறாவ.”

அப்பா தன் பங்குக்கு ஒரு கோணி ஊசி, இரண்டு காலிச் சாக்கு, ஒரு பெரிய கயிற்றுக் கட்டு ஆகியவற்றைத் திணித்தார்.

“கயிறு எதுக்குப்பா?”

“கயிறு இல்லாம எவம்லே வெளியூரு போவான்?”

இதற்குமேல் படித்தவன் பேசக் கூடாது என்று ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டேன். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ‘போய் வருகிறேன்’ என்கிற பாவனையில் வெகுநேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அறை விழ வேண்டும் எனக்கு.) திரும்பி வந்தால் பெட்டி மூடியிருந்தது. தேங்காய் அளவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. கடை முதலாளி பரிசாகக் கொடுத்ததாம். மாமாவைக் காணவில்லை. கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கோவையில் இறங்கி, கல்லூரிக்குப் போய், குளித்து, வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் சக்கரம் வைத்த பைகள் சத்தமில்லாமல் உருண்டன. எங்கள் பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் தரை அலறியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா கைநீட்டினார். “ஒரிஜினல் எல்லாம் குடுங்க தம்பி.”

தோள்பையின் உள்ளறையில் கைவிட்டேன். பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால், வாழையிலையில் கட்டிய எலுமிச்சைச் சோறு.

“யப்பா! ஃபைல் எங்க?”

அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பெட்டியில இருக்குலே. தோள்பைய ரயில்ல எவனாவது அறுத்துட்டுப் போயிருவாம்லா? முக்கியமான சரக்கு பூட்டுக்குள்ளதான் இருக்கணும்.”

“சரி, தெறங்க.”

“சாவி சுடலைட்ட இருக்கு. நேத்து மத்தியானமே பஸ் ஏறிட்டான்.”

அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி வரைக்கும்தாங்க தம்பி டைம். ஒரிஜினல் காட்டலீன்னா சீட்டு வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குப் போயிருமுங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

வெளியே ஒரு பையனும் அவன் அப்பாவும் அந்தச் சீட்டுக்காகவே பெஞ்சில் காத்திருந்தார்கள். பார்த்துவிட்டேன். அவர்களும் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டார்கள்.

“மாமாவுக்குப் போன் அடிங்க!”

அப்பா அடித்தார். கெட்டிமேளம் கொட்டியது. சுடலை மாமாவின் ரிங்டோன் அதுதான், கல்யாண வீட்டுக் கெட்டிமேளம். மாமா வந்துவிட்டார் என்று நான் வாசலைப் பார்த்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் சரியாகப் பெட்டியைப் பார்த்தார்.

மேளம் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

“அட, ஆமா,” என்றார் அப்பா. “பஸ்ஸில பிக்பாக்கெட் அதிகம்னு போனையும் உள்ள வச்சிட்டுப் போனான்.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. பெஞ்சிலிருந்த பையன்கூடச் சிரித்தான். அப்பாவோ போனை நிறுத்தத் தெரியாமல் அமுக்கி அமுக்கி மறுபடியும் அடித்தார். மறுபடியும் கெட்டிமேளம். தாலி கட்ட ஆள் இல்லாததுதான் குறை.

“பூட்ட ஒடைங்க!” என்று கத்தினேன்.

“ஏலே, பைய பேசு. முதலாளி தந்த பூட்டு. சுடலை வந்துருவான்.”

அவ்வளவுதான். எனக்குள் எதுவோ அறுந்துபோனது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “நீங்க மூடை தூக்குற ஆளு, அதோட நிறுத்திக்கிட வேண்டியதானே! என் படிப்பு என்ன பருப்பு மூடையா?”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு எடுத்தார். மறுபடி போட்டார்.

“மூடையா இருந்தா நான் இவ்ளோ பத்திரம் பண்ணிருக்க மாட்டேம்லே.”

(இதைக் கேட்டு எனக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கோபம் இரண்டு மடங்கானது. ஒருவன் நியாயமாகத் திட்டிக்கொண்டிருக்கும்போது இப்படிப் பேசி வாயை அடைத்தால் எவனுக்குத்தான் எரியாது?)

அந்த அம்மா ஆளனுப்ப, கல்லூரி பிளம்பர் அண்ணன் ரம்பத்தோடு வந்தார். பூட்டை அறுத்தார். பல் மழுங்கியது. மறுபக்கம் அறுத்தார். பிளேடு ஒடிந்தது. “என்னங்க இது, பேங்க் பூட்டுங்களா?” என்று வியர்வையைத் துடைத்தார். அந்த நேரத்திலும் அப்பா முகத்தில் ஒரு பெருமிதம் வந்துபோனதே, அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

கடைசியில் பூட்டை விட்டுவிட்டு, பெட்டியின் கொண்டியை நெம்பினார். தகரம் கிழிந்து மூடி படாரென்று திறந்துகொண்டதில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பளம் சில்லுசில்லாகப் பறந்தது. கருப்பட்டிகள் அவரவர் வழியில் உருண்டன. ஒன்று நேராகப் போய் அந்த அம்மாவின் செருப்பில் முட்டி நின்றது. என் உள்பனியன்கள், காலிச் சாக்கு, கயிறு, எல்லாவற்றுக்கும் அடியில் என் ஃபைல். அட்டையில் முறுக்கு எண்ணெய்க் கறை இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கொடுத்தேன். சரிபார்த்தார். முத்திரை விழுந்தபோது நாலு மணி ஆகச் சொற்ப நேரமே இருந்தது. பெஞ்சிலிருந்த அப்பாவும் பையனும் எழுந்து போனார்கள். அந்த நடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கருப்பட்டி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுடலை மாமா வந்தார். சட்டையெல்லாம் முட்டைக்கோஸ் இலை.

“மாப்ளே! விடியக்காலமே வந்துட்டம்லா! ஒங்களத்தான் காணும்.”

“எங்க இருந்தீங்க?”

“பொறவாசல் கேட்லதான். சரக்கு பொறவாசல் வழியாத்தானலே வரும்? விடுதிச் சமையலுக்குக் காய்கறி வண்டி வந்துச்சி, இறக்க ஆள் இல்ல. சும்மா நிக்கமேன்னு நாலு மூடைய இறக்கிக் குடுத்தேன். நல்ல மனுசங்க, சாம்பார் சாதம் போட்டாவ.”

மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்து, கோயில் பிரசாதம் மாதிரி சாவியை நீட்டினார். “எண்ணிக்கிடுங்க அத்தான். ரெண்டு சாவியும் இருக்கு.”

அப்பா வாங்கினார். பிய்ந்த கொண்டியோடு தரையில் கிடந்த பூட்டை எடுத்து, சாவியைப் போட்டுத் திருப்பினார். ‘க்ளக்’ என்று திறந்தது.

“பாத்தியா,” என்றார் என்னிடம். “பூட்டுக்கு ஒண்ணும் ஆவல.”

மூடாத பெட்டியை விடுதிக்குக் கொண்டுபோகக் கட்ட வேண்டியிருந்தது. எதனால் கட்டினோம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா தினமும் சொல்கிறார்.

இப்போதும் எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூர் கிளம்பினால், அம்மா பையைத் தொட்டு, “சாவி எந்த பஸ்ல போவுது?” என்று கேட்பாள். அக்கா மகள் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டுவாள். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இந்தக் கதையைச் சொன்னவர் வேறு யார், சுடலை மாமாதான். அந்தப் பெண் சிரித்தாள். அதற்கும் எனக்குக் கோபம்தான். (கல்யாணம் தை மாதம்.)

மாமா பஸ்ஸில் போய்வர எழுநூற்று அறுபது, கொண்டியைப் பற்றவைக்க இருநூற்றைம்பது, பிளம்பர் அண்ணனுக்கு நூறு. ஆக ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். பூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.